ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி

அப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேலே, 1984-ல் அவர் பெயருக்கு எழுதப்பட்ட கிரயப் பத்திரம். அதற்குக் கீழே நூலால் கட்டிய நான்கு தாய்ப்பத்திரங்கள். அவற்றில் மிகப் பழையது மடிப்புகளில் விட்டுப்போய், தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. வீட்டையும் கொல்லையையும் கிணற்றையும் விற்றவர், 'நிதி நிக்ஷேப ஜல பாஷாண' என்று தொடங்கும் நீண்ட சொற்றொடரில் எட்டு வகை உரிமைகளையும் சேர்த்தே விற்றிருந்தார். மண்ணுக்கடியில் புதையல் இருந்தால் அதுவும் வாங்கியவருக்கே. பெட்டியின் அடியில் பத்திரங்களைவிடத் தடிமனான இன்னொரு கட்டு இருந்தது. ஒன்பது ஆண்டுகள் நடந்த ஒரு வழக்கின் காகிதங்கள் அவை.

அப்பா அவசரக்காரர் அல்லர். வீட்டை வாங்குமுன் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். ஒரு கறையும் இல்லை. வீட்டு வரி ரசீது விற்பவர் பெயரிலேயே இருந்தது. மூலப் பத்திரங்கள் கைக்கு வந்தன. வக்கீல் படித்துப் பார்த்துச் சரி என்றார். ஆனால் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில், கிணற்றை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில், ஒரு வயதான அம்மாள் இருந்தார். வீடு பார்க்கப் போன அன்று அப்பாவுக்கு மோர் கொடுத்தவர் அவர்தான். விற்றவருடைய தம்பியின் மனைவி. தம்பி குழந்தையில்லாமல் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்ததே இல்லை. பிரியாத சொத்தில் பாதி அந்த அம்மாளுக்குச் சேரவேண்டியது. எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை. இறப்பும் வாரிசுரிமையும் பத்திரப்பதிவு அலுவலகத்தின் கதவைத் தட்டுவதில்லை. எனவே வில்லங்கச் சான்றிலும் அவர் இல்லை. வழக்கு அவர் பக்கமே நின்றது. கடைசியில் அப்பா அதே வீட்டின் பாதியை இரண்டாவது முறையாக விலை கொடுத்து வாங்கினார்.

"பத்திரம் பூரா படிச்சேன். மோர் குடுத்த அம்மாகிட்ட 'நீங்க யாரும்மா'ன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று பிற்காலத்தில் அடிக்கடி சொல்வார். கோபத்தைவிட வெட்கமே அதில் மிகுதியாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்துப் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை வாசித்தபோது, அப்பா கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்கு அங்கே ஒரு பெயர் இருப்பதைக் கண்டேன்.

*

கதை நாமறிந்ததே. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் நுழைந்து, மணமகன் தனக்கு வழியடிமை என்கிறார். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் முதியவரிடம் கேட்பது மூன்றில் ஒன்றை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அனுபவத்தில் இருந்துவருவதைக் காட்டவேண்டும். அல்லது எழுத்தைக் காட்டவேண்டும். அல்லது அறிந்த பிறரின் சாட்சியத்தைக் காட்டவேண்டும்.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். சோழ அரசில் உயர்ந்த பதவி வகித்தவர் என்பது மரபு. அந்த அவைக் காட்சியில் நிர்வாகம் அறிந்த ஒருவரின் கைத்தடம் தெரிகிறது. கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். ஓலையைக் கரணத்தான் வாசிக்கிறான். அதில் மேலெழுத்திட்ட சாட்சிகளின் எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அத்துடன் விடாமல், பாட்டனின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்பு நோக்குகிறார்கள். மூலம், நகல், எழுத்தர், சாட்சி, காப்பகம், ஒப்பீடு என்று இன்றைய உரிமையியல் நீதிமன்றம் கையாளும் ஒவ்வொரு படியும் அங்கே இருக்கிறது.

இம்மூன்று சான்றுகளும் தமிழகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் எழுத்து, அனுபோகம், சாட்சி என்ற மூன்றையே பிரமாணங்களாகச் சொல்கிறது. ஆனால் சாட்சி என்னும் இடத்தில் 'அயலார்' என்ற சொல்லைச் சேக்கிழார் வைத்திருப்பது கவனத்துக்குரியது. ஒரு மனை யாருடையது என்பது பக்கத்து மனைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்ற ஊர் வாழ்க்கையின் அறிவு அச்சொல்லில் இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் நிலவிற்பனைகள் இதை உறுதிசெய்கின்றன. விலையாவணம் எதிலும் முதலில் வருவது நான்கெல்லை: கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. எல்லை பெரும்பாலும் இன்னொருவரின் நிலம், ஒரு வாய்க்கால், ஒரு வழி. அதாவது அயலாரைச் சொல்லாமல் ஒரு நிலத்தை அடையாளம் காட்டவே முடியாது. பிறகு மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாமும் விற்கப்படுகின்றன. விலைப்பொருள் முழுவதும் கைக்கு வந்துவிட்டது, இதற்குமேல் வேறு ரசீது ஓலை காட்டத் தேவையில்லை என்ற உறுதிமொழியும் வருகிறது. சில ஆவணங்களில் விற்பவர் 'கொள்வார் உளரோ' என்று முற்கூறியதும், வாங்குபவர் எதிர்மொழி கொடுத்ததும்கூடப் பதிவாகியிருக்கின்றன. எதிர்ப்பு இருந்தால் அந்த இடத்திலேயே எழட்டும் என்பதே அப்படிக் கூவியதன் பயன்.

இதைப் பொற்காலமாக நான் சொல்லவரவில்லை. அவையில் அமர்ந்த அயலார் யார் என்று கேட்டால் அது நிலமுடையோர் அவை என்பது தெரியும். பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்குத் தகுதியாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலத்தையும் சொந்த மனையில் கட்டிய வீட்டையும் கேட்கிறது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் இடங்களாக வருகின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் எந்த ஆவணத்தின் கீழும் சாட்சிக் கையெழுத்திடவில்லை. மூன்று சான்றுகளும் இருந்த காலத்திலும் கேட்கப்படாத குரல்கள் இருந்தன.

*

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது இம்மூன்றும் பின்னிக் கிடந்த ஓர் உரிமையை அது எதிர்கொண்டது. காணியாட்சி என்பது அதன் பெயர். மிராசு என்றும் அழைக்கப்பட்டது. சொல்லிலேயே ஆட்சி இருக்கிறது. திருக்குறள் வழியாகவும் திராவிட மொழிக்குடும்பக் கருத்தின் வழியாகவும் நாம் அறிந்த எல்லிஸ், சென்னைக் கலெக்டராக இருந்தபோது இந்த மிராசு உரிமை குறித்து அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு 1816-ல் விரிவான விடை எழுதினார். நிலம் மன்னனுடையதா, உழுவிப்பவனுடையதா என்ற விவாதம் அன்று வரிவசூலின் விவாதமாகவும் இருந்தது.

வென்றது தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரயத்துவாரி முறை. அரசு ஒவ்வொரு குடியானவரோடும் நேராகத் தீர்வை பேசியது. அதற்கு அடையாளமாகப் பட்டா கொடுத்தது. இந்தப் பிறப்பை நினைவில் வைத்தால் இன்றும் பலர் செய்யும் ஒரு பிழை நேராது. தீர்வை யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கான விடையாகவே பட்டா பிறந்தது. அது வருவாய்த்துறையின் பதிவேடு. பட்டா மாற்றம் மட்டுமே ஒருவரை உரிமையாளராக ஆக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பட்டா இல்லாமல் வாங்குவது அறிவீனம். பட்டாவை மட்டும் நம்பி வாங்குவதும் அப்படியே.

பத்திரப்பதிவின் கதை வேறு. சென்னை மாகாணத்தில் 1802-ம் ஆண்டின் 17-வது ஒழுங்குமுறைச் சட்டம் ஆவணங்களைப் பதிவுசெய்ய வழிசெய்தது. 1864-ல் இந்தியா முழுமைக்குமான பதிவுச் சட்டம் வந்தது. பலமுறை மாற்றி எழுதப்பட்டு, இன்று நாம் பயன்படுத்தும் பதிவுச் சட்டம் 1908-ல் நிறைவேறியது. சொத்து உரிமை மாற்றுச் சட்டம் 1882-ஐச் சேர்ந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும் என்ற விதி அதிலிருந்து வருவது. நூறு ரூபாய்க்கு அன்று ஒரு மனை கிடைத்திருக்கும். இன்று அந்தத் தொகை விதியில் ஓர் அருங்காட்சியகப் பொருளாக நிற்கிறது.

பதிவு செய்தல் என்றால் என்ன என்பதில்தான் நம் பெரும்பான்மையோர் தவறிவிடுகிறோம். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறை 1858-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அரசின் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே உரிமையாளர். அரசே அதற்குப் பொறுப்பு. இந்தியா அந்த வழியில் போகவில்லை. இங்கே பதிவு செய்யப்படுவது பத்திரம், உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இந்த நாளில் இதை எழுதிக்கொடுத்தார் என்பதற்குப் பதிவாளர் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பது அவர் வேலை அன்று. தமிழ்நாட்டில் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த ஒரு விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று சொன்னபோது, அடிப்படையாக இருந்தது இந்தக் கருத்துதான். ஆந்திரத்தில் உரிமையையே பதிவு செய்யும் சட்டம் 2022-ல் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024-ல் நீக்கப்பட்டது.

ஆக, சார்பதிவாளர் முத்திரை விழுந்தவுடன் அரசே உத்தரவாதம் தந்துவிட்டது என்று மகிழ்கிறவர், மூன்று சான்றுகளில் ஒன்றை மட்டும் கையில் வைத்திருக்கிறார். மற்ற இரண்டையும் தேடவேண்டிய பொறுப்பு அவருடையதே.

*

வீடு வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, சேக்கிழாரின் வரிசையையே சொல்கிறேன்.

ஆவணத்தில், முதலில் மூல ஓலையைக் கேளுங்கள். ஜெராக்ஸ் படியோலைதான். மூலப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெறும் வழக்கம் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்று. மூலம் வீட்டில் இல்லையென்றால் அது வேறு யாரிடமோ அடமானமாக இருக்கலாம். தாய்ப்பத்திரங்களைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குச் சங்கிலிபோல் கோத்துப் பாருங்கள். ஒருவர் வாங்கியதற்கும் அடுத்தவர் விற்றதற்கும் இடையில் ஒரு மரணம் இருந்தால், அங்கே நின்று வாரிசுகளை எண்ணுங்கள். தமிழ்நாட்டில் 1989-லிருந்தும், நாடு முழுவதும் 2005-லிருந்தும் கூட்டுக்குடும்பச் சொத்தில் இந்துப் பெண்மக்களுக்குப் பிறப்புரிமை உண்டு. 'தங்கச்சி எல்லாம் கேக்க மாட்டா' என்ற வாய்மொழி எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. உயில் கட்டாயமாகப் பதிவு செய்யவேண்டிய ஆவணம் அல்ல; எனவே வில்லங்கச் சான்றில் தெரியாத உயில் ஒன்று எங்கேனும் இருக்கக்கூடும். அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்து விற்பது உரிமை மாற்றமாகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முதலாளியின் சார்பில் முகவர் கிரயப் பத்திரம் எழுதலாம். ஆனால் அந்த முதலாளி உயிரோடு இருக்கிறாரா, அதிகாரத்தை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்கவேண்டும்.

ஆட்சியில், நேரில் போங்கள். ஒருமுறை பகலில், ஒருமுறை மாலை விளக்கேற்றும் நேரத்தில். யார் அடுப்பு எரிகிறது என்று பாருங்கள். பத்திரத்தின் நான்கெல்லையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். புல வரைபடத்தின் அளவும் தரையின் அளவும் ஒத்துப்போகிறதா என்று நில அளவரை வைத்து அளந்துவிடுங்கள். வீடு கட்டப்போகிறவருக்கு இது அஸ்திவாரத்துக்கு முந்தைய அஸ்திவாரம். வீட்டுக்குப் போகும் வழி யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். சொத்து உரிமை மாற்றுச் சட்டத்தில் 1929-ல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாகக் குடியிருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை உண்டோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் வைத்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இடமில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அப்பாவின் வழக்கில் திரும்பத் திரும்பக் காட்டியது இந்த வரியைத்தான். அந்த அம்மாள் அங்கே இருந்ததே அறிவிப்பு. அவர் கொடுத்த மோர், சட்டத்தின் மொழியில், ஒரு நோட்டீஸ்.

அயலார் காட்சியில், நான்கெல்லைக்காரர்களிடமும் பேசுங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், வக்கீலின் கோப்பில் இல்லாத மூன்று செய்திகள் கிடைக்கும். பத்திரிகையில் அறிவிப்பு கொடுப்பது 'கொள்வார் உளரோ' என்று கூவியதன் இன்றைய வடிவம். செலவு குறைவு, பயன் பெரிது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் முன்பு கர்ணத்துக்குத் தெரிந்திருந்தது. பரம்பரை கிராம அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980-ல் ஒழிந்தன. ஒழிந்தது நல்லதற்கே, அந்த நினைவு சிலருடைய அதிகாரமாகவும் இருந்தது. ஆனால் அந்த நினைவின் இடத்தை எந்தக் கணினியும் இன்னும் முழுமையாக நிரப்பவில்லை.

ஆவணம் காட்டாமல் அயலார் காட்டிக்கொடுக்கும் நிலங்களில் முக்கியமான ஒன்று பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-ல் தலித் மக்களின் நிலைகுறித்து அளித்த அறிக்கையை ஒட்டி, 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு அதைக் கைமாற்றக்கூடாது என்பது நிபந்தனை. அப்படிப்பட்ட நிலங்கள் பல பின்னாளில் கைமாறின. பத்திரங்கள் வரிசையாகவும் அழகாகவும் இருக்கலாம். அந்த வரிசையின் தொடக்கத்தில் ஒருவர் வெளியேற்றப்பட்டிருக்கிறார் என்பதை அந்த ஊர்ச் சேரியின் முதியவர் சொல்வார். விலை மலிவாக இருந்தால், ஏன் மலிவு என்று அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விற்பவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். உரிமையில் உள்ள குறையை, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், தானே எடுத்துச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு என்கிறது 1882-ம் ஆண்டுச் சட்டம். எங்கள் வீட்டை விற்றவர் நல்ல மனிதர் என்றே ஊர் சொல்லும். தம்பி மனைவிக்கு அவர் வாழ்நாள் முழுவதும் சோறு போட்டார். அந்தச் சோற்றிலேயே அவர் பங்கு தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவரிடம் கையெழுத்துக் கேட்கவேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

இதுதான் எனக்கு இந்த வரலாற்றில் உறுத்துவது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே ஆவணம் நினைவில் வைத்துக்கொள்ளும். எழுதப்படாதவர்களுக்கு மிச்சமிருப்பவை மற்ற இரண்டும்தான்: அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதும், அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும். மூன்றையும் தேடுவது வாங்குபவரின் பணத்துக்குக் காவல். கூடவே, கொல்லைப்புறத்தில் இருப்பவருக்கும் அதுவே காவல்.

*

திருவெண்ணெய்நல்லூர் வழக்கின் முடிவில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஓரிடம் உண்டு. ஓலை மெய்யென்று உறுதியாகிவிட்டது. சுந்தரர் தோற்றுவிட்டார். இனி அவைக்கு வேலையில்லை. ஆயினும் அவையோர் முதியவரைப் பார்த்து மேலும் ஒன்று கேட்கிறார்கள். உமது ஆவணத்தில் எங்கள் ஊரைச் சொல்லியிருக்கிறீர். இவ்வூரில் உம்முடைய மனை எது, வாழ்வு எங்கே, காட்டும்.

ஆவணம் வென்ற பிறகும் அந்த ஊர் வீட்டைப் பார்க்க விரும்பியது. முதியவர் எழுந்து முன்னே நடக்க, எல்லோரும் பின்னால் போகிறார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

அப்பாவின் பத்திரக் கட்டை மறுபடி நூலால் கட்டிப் பெட்டியில் வைத்தேன். வழக்கு முடிந்த பிறகும் அந்த அம்மாள் எங்கள் கொல்லைப்புறச் சாய்ப்பிலேயே இருந்தார், கடைசி வரைக்கும். அப்பாதான் இருக்கச் சொன்னார். சமரசப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அந்தக் கட்டு முழுவதிலும் அவர் இருந்ததற்கான ஒரே எழுத்து அதுதான்.